'பின் நம்பர் போட்டது நீங்கள்தானே?'

கேள்வி: பெரம்பூரில் வசிக்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் புரசைவாக்கத்தில் ஒரு பெரிய கடையில் டபுள் டோர் ஃபிரிட்ஜ் வாங்கினோம். விலை 34,500 ரூபாய். பழைய ஃபிரிட்ஜை எக்ஸ்சேஞ்சில் கொடுத்ததற்கு 2,500 கழித்தார்கள். 4,000 ரூபாய் ரொக்கமாக அட்வான்ஸ் கொடுத்திருந்தோம். மீதி 28,000 ரூபாயை என் டெபிட் கார்டைக் கொடுத்து, பின் நம்பர் போட்டுக் கட்டினேன். வீட்டுக்கு வந்த நாலாம் நாளே கோளாறு. மேலே ஃப்ரீசரில் ஐஸ் பிடிக்கிறது, கீழே கூலிங்கே இல்லை. பால் திரிகிறது, இட்லி மாவு ஒரே ராத்திரியில் பொங்கிப் புளிக்கிறது. கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டு, "வோல்டேஜ் பிரச்சினை, ஸ்டெபிலைசர் மாட்டுங்கள்" என்று சொல்லி, என் போனுக்கு வந்த ஓ.டி.பி.யைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டியும் அப்படியேதான் இருக்கிறது. கடையில் கேட்டால், "விற்பதோடு எங்கள் வேலை முடிந்தது, கம்பெனியிடம் பேசுங்கள்" என்கிறார்கள். பில்லின் பின்பக்கம் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்திருக்கிறது. வங்கிக்குப் போனேன். "பின் நம்பர் போட்டது நீங்கள்தானே? எங்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்று அனுப்பிவிட்டார்கள். கிரெடிட் கார்டாக இருந்தால் பணம் திரும்பி வந்திருக்கும் என்று தங்கை சொல்கிறாள். டெபிட் கார்டைக் கொடுத்தது என் தப்பா? பணம் போனது போனதுதானா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெரம்பூர்.

பதில்: அன்புச் சகோதரிக்கு,

டெபிட் கார்டில் கட்டியது தப்பே இல்லை. சொல்லப்போனால், ரொக்கமாகக் கொடுத்த 4,000 ரூபாயைவிடக் கார்டில் கட்டிய 28,000 ரூபாய்க்குத்தான் உங்கள் கையில் பிடி அதிகம். பணமும் போய்விடவில்லை. வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது, முக்கியமான கெடு எதுவும் இன்னும் தாண்டவில்லை. ஆனால் இதுவரை நடந்ததெல்லாம் வாய்ப்பேச்சு. கடையில் பேசினீர்கள், கம்பெனி ஆளிடம் பேசினீர்கள், வங்கி கவுன்டரில் பேசினீர்கள். எங்கேயும் உங்கள் பெயரில் எழுத்தில் ஒரு வரி பதிவாகவில்லை. இந்த வாரத்துக்குள் அது மாற வேண்டும். நான் எழுதப்போவது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

வங்கியில் நடந்ததை முதலில் பேசிவிடுவோம். வங்கியின் கார்டு பிரிவில்தான் என் வேலைக்காலம் கழிந்தது. 'பின் நம்பர் போட்டது நீங்கள்தானே' என்ற பதிலைக் கேட்டுத் திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பொய்யான பதில் இல்லை, ஆனால் வேறு புகாருக்கு உரிய பதில். கார்டைத் திருடியோ, விவரத்தைத் திருடியோ யாரோ ஒருவர் நம் கணக்கிலிருந்து பணம் எடுத்துவிட்டால், 'இது நான் செய்ததில்லை' என்று புகார் கொடுக்கிறோம். அதற்கு ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் விதி போட்டிருக்கிறது. தவறு நம் பக்கமும் இல்லை, வங்கிப் பக்கமும் இல்லை என்றால், தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டம் கிடையாது. அந்தப் புகாரில் பின் நம்பர் போட்டது யார் என்பது பெரிய கேள்வி. அதே மாதிரி, கணக்கில் பணம் கழிந்து கடை மெஷினில் மட்டும் 'ஃபெயில்' என்று வந்தால் அது இன்னொரு வகை. அதை 5 நாளுக்குள் வங்கியே திருப்பிப் போட வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்று 2019-இல் உத்தரவு வந்தது.

உங்களுடையது இந்த இரண்டும் இல்லை. 'பணம் கட்டியது நான்தான், தெரிந்தே கட்டினேன், பின் நம்பரும் நான்தான் போட்டேன். ஆனால் அந்தப் பணத்துக்குக் கடை கொடுத்த பொருள் பழுது.' இது மூன்றாவது வகை. இதில் பின் நம்பரைப் பற்றிய பேச்சே எழக் கூடாது. உங்கள் வங்கி, கடையின் ஸ்வைப் மெஷினைக் கொடுத்த வங்கியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அதன் பெயர் சார்ஜ்பேக். கிளையில் உட்கார்ந்திருப்பவர்கள் அதை அன்றாடம் பார்ப்பதில்லை. கார்டு தகராறுகளைக் கவனிக்கும் பிரிவு தலைமை அலுவலகத்தில் இருக்கும். கவுன்டரில் சொன்னது வங்கியின் முடிவான பதில் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. '"இந்தப் பணத்தை நான் கட்டவே இல்லை" என்று எழுதிக் கொடு, உடனே திரும்பி வரும்' என்று யாராவது யோசனை சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பில் உங்கள் பெயரில் இருக்கிறது, பொருள் உங்கள் வீட்டில் இருக்கிறது, கடையில் கேமரா இருக்கிறது. முதல் விசாரணையிலேயே அது பொய்யென்று தெரிந்துவிடும். அப்புறம் பழுதைப் பற்றி நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள். கார்டையும் முடக்கிவிடுவார்கள். உண்மை உங்கள் பக்கம் இருக்கிறது, அதை அப்படியே சொன்னாலே போதும்.

தங்கை சொன்னதற்கும் ஒரு வார்த்தை. பழுதான பொருளுக்கு சார்ஜ்பேக் கேட்கும் வழி டெபிட் கார்டு, கிரெடிட் கார்டு இரண்டுக்கும் உண்டு. வித்தியாசம், தகராறு முடியும்வரை யார் பணம் மாட்டிக்கொண்டிருக்கிறது என்பதில்தான். கிரெடிட் கார்டில் பில் வருவதற்குள் புகார் கொடுத்தால் அந்தத் தொகையை நிறுத்திவைக்கச் சொல்லிக் கேட்கலாம். டெபிட் கார்டில் நம் சேமிப்பிலிருந்து பணம் ஏற்கெனவே போய்விட்டது, அது திரும்பி வரும்வரை வீட்டுச் செலவில் இடிக்கும். இங்கிலாந்தில் 1974-ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று, கிரெடிட் கார்டில் வாங்கிய பொருள் பழுதென்றால் கார்டு கொடுத்த நிறுவனமும் கடையோடு சேர்ந்து பொறுப்பு என்கிறது. இணையத்தில் படிக்கும் பல ஆலோசனைகள் அதை வைத்து எழுதியவை. நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. இங்கே சார்ஜ்பேக் என்பது விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற அமைப்புகள் தங்களிடம் சேர்ந்திருக்கும் வங்கிகளுக்குப் போட்ட விதி. அதனால் அதன் நிபந்தனைகளுக்கு உட்பட்டுத்தான் கேட்க முடியும்.

முதல் நிபந்தனை இதுதான்: கடையோடு பேசித் தீர்க்க முயன்றீர்களா, பொருளைத் திருப்பித் தர முன்வந்தீர்களா? இரண்டுக்கும் சாட்சி இல்லாமல் வங்கிக்குப் போனால் மனு நிற்காது. ஆகவே கடைதான் முதல் படி.

கடைக்காரர் சொன்ன இரண்டு பதிலும் சட்டத்தில் செல்லாது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற வரியைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவு, பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுக்க மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. பில்லில் கெடு ஏதாவது குறிப்பிட்டிருந்தால் அதற்குள், இல்லையென்றால் 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். 'எடுக்கவே மாட்டோம்' என்பது கெடு ஆகாது. நிறம் பிடிக்கவில்லை, அளவு சேரவில்லை என்று நாம் மனம் மாறினால் அந்த வரியைக் காட்டலாம், பழுதுக்கு முன்னால் அது எடுபடாது. 'கம்பெனியிடம் பேசுங்கள்' என்பதும் அப்படித்தான். பில் போட்டது கடை, பணம் வாங்கியது கடை. விற்கும் பொருள் விற்கத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்பது 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்திலேயே இருக்கிற நிபந்தனை. கம்பெனியின் வாரன்டி உங்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது. கடையின் பொறுப்பை அது எடுத்துவிடாது.

இனி ஆதாரம். உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் மனதைத் தைத்தது அந்த ஓ.டி.பி.தான். சர்வீஸ் ஆள் கேட்கும் அந்த எண், 'வேலை முடிந்தது, வாடிக்கையாளருக்குத் திருப்தி' என்று புகாரை மூடுவதற்கான எண். அதை நீங்கள் சொன்னதும் கம்பெனியின் கம்ப்யூட்டரில் உங்கள் புகார் 'தீர்ந்தது' ஆகிவிட்டது. நாளை வங்கிக்குக் கடை அனுப்பும் பதிலில் முதல் காகிதமாக அதுதான் இருக்கும். இன்றே கம்பெனியின் சர்வீஸ் எண்ணுக்குப் பேசிப் புதுப் புகார் பதியுங்கள். 'முந்தைய புகாரில் பழுது சரியாகவில்லை, சரியாகாமலே மூடப்பட்டது' என்பதையும் சேர்த்துப் பதியச் சொல்லுங்கள். அதே வரியை மின்னஞ்சலிலும் எழுதி அனுப்புங்கள். அடுத்த முறை ஆள் வரும்போது மறுக்காமல் பார்க்க விடுங்கள், பார்க்கவே விடவில்லை என்று உங்கள் மேல் சொல்ல இடம் வைக்காதீர்கள். ஆனால் ஜாப் ஷீட்டில், அதாவது சர்வீஸ் ஆள் எழுதித் தரும் வேலைக் குறிப்பில், அவர் என்ன கண்டார் என்பதை எழுதி வாங்காமல், கீழ்த் தட்டு குளிர்வதை நீங்கள் பார்க்காமல், ஓ.டி.பி. தராதீர்கள். 'டார்கெட்டுக்காக மூடணும் மேடம், நாளைக்குத் திரும்ப ஓபன் பண்ணிக்கலாம்' என்பார்கள். அவருக்குத் தண்ணீர் கொடுங்கள், மரியாதையாகப் பேசுங்கள், எண்ணை மட்டும் சொல்லாதீர்கள்.

வோல்டேஜ் என்று அவர் சொன்ன காரணத்தை இப்போதே உடைத்துவிடலாம். ஃப்ராஸ்ட் ஃப்ரீ டபுள் டோரில் குளிர் உண்டாவது பெரும்பாலும் மேலே ஃப்ரீசர் பக்கம்தான். உள்ளே ஒரு சின்ன விசிறி அந்தக் குளிர்காற்றைக் கீழ்த் தட்டுக்குத் தள்ளுகிறது. மேலே ஐஸ் பிடித்து, கீழே குளிராமல் இருந்தால் கம்ப்ரெஸர் ஓடுகிறது என்று அர்த்தம். விசிறியிலோ, காற்று போகும் வழியிலோ, உறைபனியை உருக்கும் பாகத்திலோ கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். வோல்டேஜ் போதாமல் கம்ப்ரெஸர் திணறியிருந்தால் மேலேயும் ஐஸ் ஒழுங்காகப் பிடித்திருக்காது. இதைத் தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வாரன்டி இருக்கும்போது எதையும் கழற்ற விடாதீர்கள், வெளியிலிருந்து பார்த்து எழுதிக் கொடுத்தால் போதும்.

ஃபிரிட்ஜின் கதவிலோ, பின்னாலோ, கையேட்டிலோ 'ஸ்டெபிலைசர் தேவையில்லை' என்று போட்டு, எத்தனை வோல்ட்டிலிருந்து எத்தனை வோல்ட்வரை ஓடும் என்று அச்சடித்திருக்கிறதா பாருங்கள். இப்போது வரும் பல மாடல்களில் இருக்கும். இருந்தால் அதைப் போட்டோ எடுங்கள். அக்கம்பக்கத்து எலெக்ட்ரீஷியனை வரச் சொல்லி, அந்த பிளக் பாயின்ட்டிலேயே மல்டிமீட்டர் வைத்து, பகலில் ஒரு முறை, எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடும் ராத்திரியில் ஒரு முறை அளந்து தேதி, நேரத்தோடு எழுதி வாங்குங்கள். 230 வோல்ட் பக்கம் இருந்தால் அந்தக் காரணம் அத்தோடு போச்சு. நிஜமாகவே ரொம்பக் குறைவாக இருந்தால் அதை மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தில் புகார் செய்ய வேண்டும், அந்த அளவுக்குக் கடையின் மேல் பழி போட முடியாது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் அவர்கள் சொன்னபடி ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டிய பிறகும் குளிரவில்லையே! அந்த ஸ்டெபிலைசர் பில் உங்களிடம் இருக்கும் மிக நல்ல ஆதாரங்களில் ஒன்று. பத்திரமாக வையுங்கள்.

சின்ன ஃபிரிட்ஜ் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக் கீழ்த் தட்டில் வைத்து, ஒரு ராத்திரி முழுக்கத் திறக்காமல் விடுங்கள். 4, 5 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்க வேண்டும். காலையில் திறக்கும்போதே போனில் வீடியோ எடுங்கள். முதலில் சீரியல் எண் ஸ்டிக்கர், அப்புறம் ஸ்டெபிலைசரில் தெரியும் எண், அப்புறம் தெர்மாமீட்டர், எல்லாம் நிறுத்தாமல் ஒரே ஓட்டத்தில் வர வேண்டும். பில்லில் உள்ள சீரியல் எண்ணும் ஸ்டிக்கரில் உள்ளதும் ஒன்றுதானா என்று அப்போதே ஒத்துப் பாருங்கள். வீடியோ எடுத்து முடித்ததும் ஃபிரிட்ஜை அணைத்துவிடுங்கள். பயன்படுத்திக்கொண்டே பணம் கேட்டால், ஓடுகிற பொருளுக்குப் பணம் கேட்பதாகத்தான் எதிர்த்தரப்பு சொல்லும்.

கார்டு மெஷினிலிருந்து வந்த சீட்டு இருக்கிறதா? அந்தத் தாளில் எழுத்து சென்னை வெயிலுக்குச் சில மாதத்தில் மங்கி வெள்ளையாகிவிடும். இன்றே போட்டோ எடுத்து, ஜெராக்ஸும் போட்டு வையுங்கள். கடையின் டெர்மினல் எண், கார்டின் கடைசி நாலு எண், ஆர்.ஆர்.என். என்ற பரிவர்த்தனை எண் எல்லாம் அதில்தான் இருக்கிறது. தொலைந்திருந்தாலும் கவலை இல்லை, வங்கி ஸ்டேட்மென்ட்டில் அந்த வரியைக் குறித்துக் கொடுக்கலாம். அந்தச் சீட்டில் 28,000-க்கு மேல் 'கார்டு சார்ஜ் 2 சதவீதம்' என்று ஏதாவது சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். டெபிட் கார்டுக்கான கட்டணத்தைக் கடைக்காரர் வாடிக்கையாளர் தலையில் கட்டக் கூடாது. ரிச்சி ஸ்ட்ரீட் முதல் தி. நகர் வரை இதைக் கேட்டு வாங்குவது சகஜமாகிவிட்டது, எனக்கு இது பொறுக்கவே இல்லை. வாங்கியிருந்தால் அதையும் புகாரில் சேருங்கள்.

இப்போது கடைக்குக் கடிதம். தமிழிலேயே எழுதலாம், நீளம் வேண்டாம், கோபம் வேண்டவே வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

'மேலாளர் அவர்களுக்கு. இந்தத் தேதியில், இந்தப் பில் எண்ணில், இந்தச் சீரியல் எண்ணுள்ள ஃபிரிட்ஜை உங்களிடம் வாங்கினேன். மொத்த விலை 34,500 ரூபாய். இதில் 28,000 ரூபாய் டெபிட் கார்டிலும், 4,000 ரூபாய் ரொக்கமாகவும், 2,500 ரூபாய் பழைய ஃபிரிட்ஜின் மதிப்பாகவும் தங்களுக்குச் சேர்ந்தது. டெலிவரியான நாலாம் நாளிலிருந்து கீழ்ப்பகுதி குளிரவில்லை. சர்வீஸ் ஆள் சொன்னபடி ஸ்டெபிலைசர் பொருத்தியும் பழுது தீரவில்லை. இது நான் வாங்கும்போதே இருந்த குறைபாடு. பொருளை அதன் உதிரிகளோடு திருப்பித் தரத் தயாராக வைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த 7 நாளுக்குள் எடுத்துச் சென்று, புதிய ஃபிரிட்ஜோ முழுப் பணமோ தர வேண்டும். தவறினால் என் வங்கியிலும் நுகர்வோர் ஆணையத்திலும் புகார் செய்வேன்.'

'பொருளைத் திருப்பித் தரத் தயார், வந்து எடுத்துக்கொள்ளுங்கள்' என்ற வரி கண்டிப்பாக இருக்க வேண்டும். ஃபிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு புரசைவாக்கம் போக வேண்டியதில்லை, எழுத்தில் முன்வந்தால் அதுவே திருப்பித் தர முயன்றதற்குச் சாட்சி. ஒரு பிரதியைக் கடையில் நேரில் கொடுத்து சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் சண்டை வேண்டாம், ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியை எடுத்துவையுங்கள். கடையின் மின்னஞ்சலுக்கும், கம்பெனியின் மின்னஞ்சலுக்கும் ஒரு பிரதி போகட்டும். வாங்கிய 30 நாளுக்குள் இது கடையின் கையில் சேர்ந்துவிட வேண்டும்.

ஏழு நாளில் பதில் இல்லையென்றால் வங்கி. கவுன்டரில் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். கார்டின் பின்னால் அச்சடித்திருக்கும் வாடிக்கையாளர் எண்ணுக்குப் பேசி, 'கார்டு டிஸ்பியூட் பதிய வேண்டும், கடையில் வாங்கிய பொருள் பழுது' என்று சொல்லுங்கள். படிவம் வரும். காரணம் கேட்கும் இடத்தில் 'பொருள் பழுது அல்லது சொன்னபடி இல்லை' என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதோடு பில், கார்டு சீட்டு, ஜாப் ஷீட், கடைக்கு எழுதிய கடிதம், அது சேர்ந்த அத்தாட்சி எல்லாம் வையுங்கள். தொகை 28,000 மட்டும் போடுங்கள். ரொக்கமும் எக்ஸ்சேஞ்சும் சேர்ந்த 6,500 கார்டு வழியாகப் போகவில்லை, அதை வங்கியால் மீட்க முடியாது. கிளையில் நேரில் கொடுத்தால் நகலில் சீல், தேதி, புகார் எண் வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் இந்த வகைப் புகாருக்குப் பொதுவாக 120 நாள் அவகாசம். ரூபேயின் கணக்கு வேறு. கார்டில் எந்தச் சின்னம் இருந்தாலும், நாளை எண்ணிக்கொண்டிருக்காமல் கடைக்குக் கொடுத்த கெடு முடிந்த மறுநாளே கொடுத்துவிடுவது நல்லது.

அப்புறம் நடப்பது உங்களுக்குத் தெரியாமல் நடக்கும். உங்கள் வங்கி கடையின் வங்கியைக் கேட்கும், அது கடையைக் கேட்கும். தன் சொந்த வங்கியிலிருந்து கடிதம் வரும்போது கடைக்காரர் கவனிக்கிற விதமே வேறு. நீங்கள் நேரில் போய்க் கேட்டபோது நிமிர்ந்து பார்க்காதவர்கள் அப்போது போன் செய்வார்கள். இடையில் உங்கள் கணக்கில் 28,000 ரூபாய் தற்காலிகமாக வரலாம். அதைத் தொடாதீர்கள். கடை ஆதாரத்தோடு மறுத்தால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். கடையின் பதிலை உங்களிடம் காட்டி விளக்கம் கேட்டால், அவர்கள் சொன்ன கெடுவுக்குள் வீடியோவையும் வோல்டேஜ் அளந்த குறிப்பையும் கொடுத்துவிடுங்கள். பதில் போடாமல் விட்டால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

வங்கி புகாரையே எடுக்க மறுத்தாலோ, 30 நாளாகியும் பதில் இல்லையென்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சி.எம்.எஸ். என்ற இணையதளத்தில் பதியலாம், 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம், செலவு இல்லை. தபாலில் அனுப்புவோர் ராஜாஜி சாலை ரிசர்வ் வங்கிக்கு ஓட வேண்டாம். எல்லா ஊர் மனுவும் சண்டிகரில் உள்ள மையத்துக்குத்தான் போகிறது. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ஃபிரிட்ஜ் பழுதா இல்லையா என்று அவர் பார்க்க மாட்டார். வங்கி தன் கடமையைச் செய்ததா என்றுதான் பார்ப்பார். அதனால் 'பொருள் பழுதென்று எழுத்தில் புகார் கொடுத்தும், பின் நம்பரைக் காரணம் காட்டிப் பதிய மறுத்தார்கள்' என்று எழுதுங்கள், கடையின் கதையை அங்கே விரிக்காதீர்கள்.

வங்கி வேலை நடக்கும்போதே 1915-க்குப் பேசித் தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும் பதியலாம். தமிழில் பேசலாம். அது தீர்ப்புச் சொல்லும் இடம் இல்லை, ஆனால் உங்கள் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பி பதில் கேட்கும். பெயர் கெட்டுவிடக் கூடாது என்று நினைக்கும் பெரிய கம்பெனிகள் இதிலேயே இறங்கி வருவதுண்டு.

இதிலும் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சென்னைக்கு வடக்கு, தெற்கு என்று தனித்தனியாக இருக்கிறது. கடை எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டம் கொடுத்த நல்ல வசதி. இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். 5 லட்சம் ரூபாய்வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை, நீங்களே பேசலாம். கடை, கம்பெனி இரண்டையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள், ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுத் தப்பிக்க முடியாது. அந்த 6,500 ரூபாயையும், ஸ்டெபிலைசர் செலவையும், அலைச்சலுக்கான இழப்பீட்டையும் கேட்க வேண்டிய இடம் இதுதான். வழக்குப் போட இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. 3 மாதத்தில், சோதனைக்கு அனுப்பினால் 5 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும், அதற்கு மனதைத் தயார்செய்துகொண்டு போங்கள். ஆணையம் எடுத்த எடுப்பில் பணத்தைத் திருப்பிக் கொடு என்றும் சொல்லிவிடாது. சரிசெய்து கொடு, மாற்றிக் கொடு, பணத்தைக் கொடு என்று மூன்றில் எது நியாயம் என்று பார்க்கும். ஒரு பாகத்தை மாற்றினால் தீரக்கூடிய கோளாறு என்றால், பழுதுபார்த்து வாரன்டியை நீட்டிக்கச் சொல்லவும் கூடும். அதனால்தான் ஜாப் ஷீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு இத்தனை முக்கியத்துவம் கொடுக்கிறேன்.

ஆன்லைனில் வாங்கியவர்களுக்கும் இதே வழிதான். அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு விதி இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

பணத்தைத் திரும்பப் பெற அலைகிறவர்களைக் குறிவைத்து ஏமாற்றுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. கூகுளில் தேடிக் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' எண்களில் போலிகள் நிறைய. 'ரீஃபண்ட் அனுப்புகிறோம், இந்த ஆப்பைப் போடுங்கள், பின் நம்பர் போட்டு உறுதி செய்யுங்கள்' என்பார்கள். பணம் நம் கணக்குக்கு வருவதற்குப் பின் நம்பரோ ஓ.டி.பி.யோ வேண்டவே வேண்டாம். பில்லிலும் கார்டிலும் கையேட்டிலும் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு மட்டும் பேசுங்கள். வீட்டில் யாராவது ஏமாந்துவிட்டால் அந்த நிமிடமே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் பேச வேண்டும்.

கடைசியாக, கடை இறங்கி வந்தால் என்ன செய்வது. பெரும்பாலும் 'பணம் வேண்டாம், கிரெடிட் நோட் தருகிறோம், வேறு ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள்' என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதே மாடலில் சீல் உடைக்காத புதிய ஃபிரிட்ஜ் தருகிறார்கள் என்றால் ஏற்றுக்கொள்ளலாம் என்பது என் கருத்து. புதுப் பில், புதுச் சீரியல் எண், டெலிவரி தேதியிலிருந்து புது வாரன்டி, மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். பணமாகத் தருகிறார்கள் என்றால் 28,000 ரூபாய் அதே கார்டுக்கே திரும்ப வரட்டும். ரீஃபண்ட் சீட்டையும், ஏ.ஆர்.என். என்ற எண்ணையும் கேட்டு வாங்குங்கள். பணம் எங்கே நிற்கிறது என்று வங்கி அதை வைத்துத்தான் தேடும். பழைய ஃபிரிட்ஜ் இந்நேரம் கைமாறியிருக்கும், அதற்கான 2,500 ரூபாயையும் அட்வான்ஸ் 4,000 ரூபாயையும் தனியாக ரசீதோடு வாங்குங்கள். கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகுதான் வங்கியில் கொடுத்த புகாரை முடித்துக்கொள்வதாக எழுதிக் கொடுக்க வேண்டும். 'முதலில் புகாரை வாபஸ் வாங்குங்கள், நாளைக்கே அனுப்பிவிடுகிறோம்' என்றால், பணிவாக மறுத்துவிடுங்கள்.